பலகை ஊதுகிறது, தூண் சாய்கிறது: எஞ்சினியர்ட் வூட் வேலிக்கு அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

இந்த வழிமுறை யாழ்ப்பாணத்து வளவுகளில் 6 அடி உயரத்துக்கு அடைக்கும் எஞ்சினியர்ட் வூட் பலகை வேலிக்கானது. மரச்சீவல்களைப் பிசினும் மெழுகும் சேர்த்துச் சூட்டில் அழுத்தி, கறையானுக்கும் பூஞ்சணத்துக்கும் எதிராக சிங்க் போரேற் கலந்து, முகத்தில் ஒரு படலம் ஒட்டி வருகிற பலகை இது. முகம் இலகுவில் கெடாது. கெடுவது வெட்டுவாயிலும் (பலகையை அறுத்த விளிம்பிலும்) ஸ்குறூத் துளையிலும் தூணின் அடியிலும்தான். ஆகவே பழுது எங்கே தெரிந்தாலும் முதலில் இந்த மூன்றையும் பாருங்கள்.

பழுது பார்க்க முன்னர் உங்களிடம் இருப்பது எந்தப் பலகை என்று உறுதிப்படுத்துங்கள். கடையில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்பார்கள். மிஞ்சிய துண்டொன்றின் வெட்டுவாயைப் பாருங்கள். சீவல் சீவலாகப் படிந்திருந்தால் அது எஞ்சினியர்ட் வூட். மாவை அழுத்தியது போல ஒரே சீராக, நார் தெரியாமல் இருந்து, விளிம்பில் விட்ட நீர்த்துளியை உடனே குடித்தால் எம்.டி.எஃப். அது வீட்டுக்குள் அலுமாரி செய்கிற பலகை. வேலியில் ஒரு மாரியைத் தாண்டாது, பழுது பார்க்கவும் முடியாது. பிளாஸ்ரிக் போல வழுவழுப்பாக, கையில் பாரமாக இருந்தால் டபிள்யூ.பி.சி., அதாவது மரத்தூளும் பிளாஸ்ரிக்கும் கலந்த பலகை. அதற்கு ஊதல் பிரச்சினை குறைவு, வெயிலில் நீளும் பிரச்சினை கூட.

கீழே வரும் அளவுகளுக்கு அடிப்படை இது: தூண் 6 அடிக்கு ஒன்று, குறுக்குச் சட்டம் மூன்று, பலகை 5½ அங்குல அகலமும் ஏறத்தாழ ⅝ அங்குலத் தடிப்பும். குழி 12 அங்குல விட்டம், 2½ அடி ஆழம். அடியில் 4 அங்குலத்துக்குச் சல்லி, மேலே 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கொங்கிறீற். 4 அங்குலச் சதுரத் தூணுக்கு 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று மூன்று குழிக்குத் தாராளமாகக் காணும். குழி ஒழுங்காக வெட்டியிருந்தால் நாலாவதற்கும் ஏறத்தாழ எட்டும்.

பலகையின் கீழ் விளிம்பு ஊதிப் பிளக்கிறது

அதிகம் வரும் பழுது இது. காரணம் பெரும்பாலும் பழக்கம். கிடுகு வேலி அடைக்கும்போது ஓலையின் அடி மண்ணைத் தொட்டாலும் கவலையில்லை, அடுத்த அடைப்புக்கு அது எப்படியும் கழற்றப்படும். அதே கையோடு பலகையையும் மண்ணோடு ஒட்டி நிறுத்திவிடுகிறோம். பிறகு கோழியும் நாயும் புகாமல் இருக்க மண்ணை அணைக்கிறோம். ஐப்பசியில் மழை தொடங்கினால் மார்கழி வரை அந்த மண் காயாது. வெட்டுவாய் வழியாக நீர் ஏற, அழுத்தி வைத்த சீவல்கள் விரிகின்றன. ஒருமுறை விரிந்த சீவல் காய்ந்தாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. மேலே பெயின்ற் அடித்து மறைப்பதால் பயனில்லை. உள்ளே நீரைப் பூட்டி வைப்பதாகத்தான் முடியும்.

முதலில் அணைத்த மண்ணை வெட்டி எடுங்கள். ஒரு ஸ்குறூ றைவரால் ஊதிய இடத்தைக் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இலகுவாக இறங்கி, அந்த மென்மை விளிம்பிலிருந்து 3 அங்குலத்துக்கு மேலேயும் போனால் பலகையை மாற்றுவதே மலிவு. அதற்குக் குறைவென்றால் காப்பாற்றலாம். ஆனால் மாரியில் தொடாதீர்கள். மாசி, பங்குனியில் பலகை நன்றாகக் காய்ந்த பிறகு, தங்கூசி கட்டி ஒரே கோட்டில் அடையாளம் போட்டு, நுண்பல் வாளால் ஊதிய பகுதியை வெட்டுங்கள். கெட்டதுக்கு மேலே நல்ல பலகையிலும் அரை அங்குலம் சேர்த்தே வெட்ட வேண்டும். தூசு நுரையீரலுக்குக் கூடாது, முகக்கவசம் போடுங்கள். வெட்டிய அன்றே வெட்டுவாயில் வெளிப்புற அக்ரிலிக் பிறைமர் ஒரு பூச்சும் பெயின்ற் இரண்டு பூச்சும் கொடுங்கள். தூரிகையைப் பக்கவாட்டில் இழுத்தால் நிறம் படியுமே தவிரச் சீவலின் இடுக்குகள் நிரம்பாது. தூரிகையை நிமிர்த்திக் குத்திக் குத்திப் பூச வேண்டும்.

புதுப் பலகைக்கு இதைவிட இலகுவான வழி உண்டு. தாச்சியில் ஓர் அங்குல உயரத்துக்குப் பெயின்ற் ஊற்றி, பொருத்த முன்னரே ஒவ்வொரு பலகையின் இரு நுனிகளையும் அதில் தோய்த்துச் சுவரில் சாய்த்து விடுங்கள். மேல் நுனியையும் மறக்கக்கூடாது, மழை முதலில் விழுவது அங்கேதான்.

பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே குறைந்தது 2 அங்குலம் விடுங்கள். செம்மண் வளவில் மழைத்துளி தெறித்துப் பலகையில் ஏறும் என்பதால் 3 அங்குலம் நல்லது. அந்த இடைவெளியால் கோழி போகும் என்றால் கீழே ஒரு வரி சீமெந்துக்கல் வையுங்கள், அல்லது கம்பி வலையை ஓர் அடி அகலத்துக்கு வெட்டிப் பாதியை மண்ணுள் புதையுங்கள். கல் வைத்தாலும் கல்லுக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழைய இடம் வேண்டும். வெள்ளம் ஓடும் வழி உங்கள் வேலியைக் கடந்து போகிறதென்றால் அந்த இடத்தில் கல்லும் வேண்டாம், வலை மட்டும் போடுங்கள். தண்ணீரை மறித்தால் அது தூணின் அடியைத் தோண்டிக்கொண்டு போகும். அயலவரோடு வழக்கும் வரும்.

ஸ்குறூத் தலையைச் சுற்றி வட்டமாகப் புடைக்கிறது

றில்லை முழு வேகத்தில் விட்டுத் தலையைப் பலகைக்குள் புதைத்ததன் விளைவு. தலை முகப் படலத்தைக் கிழித்து உள்ளே போனால் அந்தச் சிறு குழியில் நீர் தேங்கும். தலை முகத்தோடு மட்டமாக நின்று சீவல் மட்டும் தெரிந்தால் பெயின்ற் போதும். ⅛ அங்குலம் வரை புதைந்திருந்தால் பெயின்ற் அடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ற்றால் நிரப்பி மேலே பூசுங்கள். அதைவிட ஆழமென்றால் அந்த ஸ்குறூ பலகையைப் பிடிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். துளையை நிரப்பிவிட்டு ஓர் அங்குலம் தள்ளி இன்னொன்று போடுங்கள். வெறும் சிலிக்கனில் பெயின்ற் ஒட்டாது, அதை வாங்க வேண்டாம்.

⅝ அங்குலப் பலகைக்கு 2 அங்குல ஸ்குறூ அளவானது. சட்டம் ஒன்றுக்கு இரண்டு, பக்க விளிம்பிலிருந்து முக்கால் அங்குலமாவது உள்ளே. நுனிக்கு அருகில் வரும் துளைகளை முன்கூட்டியே சிறு அலகால் துளைத்துவிடுங்கள்.

பலகைகள் வயிறு தள்ளி வெளியே வளைகின்றன

சித்திரையில் நெருக்கி அடித்த வேலியில் கார்த்திகையில் தெரியும் பழுது. கணக்கைப் பாருங்கள். தூண் இடைவெளி 72 அங்குலம். 13 பலகை வைத்தால் 71½ அங்குலம் போய்விடும்; 13 பலகைக்கும் சேர்த்து மிஞ்சுவது அரை அங்குலம். ஈரத்தில் ஒவ்வொரு பலகையும் சிறிதளவு விரிந்தாலே இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கும். 12 பலகை வைத்தால் 66 அங்குலம். மிஞ்சும் 6 அங்குலத்தைப் பங்கிட ஒவ்வொரு பலகைக்கும் அரை அங்குல இடைவெளி வருகிறது. ஆக ஒரு பகுதிக்கு 12 பலகை, 72 ஸ்குறூ.

நெருக்கி அடித்த வேலியைத் திருத்தத் தூணையோ சட்டத்தையோ கழற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதியிலும் நடுப்பலகை ஒன்றைக் கழற்றுங்கள். மற்றவற்றின் ஸ்குறூக்களைத் தளர்த்தி எடுத்து, அரை அங்குலத் தடிப்புள்ள மரத்துண்டை இடையில் வைத்துப் பங்கிட்டு மறுபடி பூட்டுங்கள். பழைய துளைகளைச் சீலன்ற்றால் நிரப்ப வேண்டும்.

கிணற்றடிப் பக்கம் அரை அங்குலமும் தெரியக்கூடாது என்பார்கள், நியாயம்தான். அங்கே ஒரு வரிசையை 3½ அங்குல இடைவெளியில் அடித்து, அதன் மேல் இரண்டாவது வரிசை இருபுறமும் ஓர் அங்குலம் படியும்படி அடியுங்கள். 6 அடிக்கு 16 பலகை செல்லும். முழு மறைப்பு வரும்போது காற்றும் முழுதாக மோதும் என்பதால் அந்தப் பகுதிக்கு மட்டும் தூணை 5 அடிக்கு ஒன்றாக நடுவது நல்லது.

வேலி சாய்கிறது

சாய்ந்த வேலிக்கு உடனே முண்டு கொடுப்பதற்கு முன்னர் எது அசைகிறது என்று பாருங்கள். ஒருவர் தூணின் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ள, மற்றவர் குந்தியிருந்து அடியைப் பார்க்க வேண்டும். மூன்று விதமாக அசையும்; மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

கொங்கிறீற்றும் தூணும் சேர்ந்து அசைந்தால் குழி ஆழம் போதவில்லை, அல்லது மண் பிடிக்கவில்லை. மணிக்கு 90 கி.மீ. வேகக் காற்று 6 அடிக்கு 6 அடி அடைப்பான வேலிப் பகுதியை ஏறத்தாழ 150 கிலோ எடையளவு விசையோடு தள்ளும். செலவை மிச்சம் பிடிக்கத் தூணை 8 அடிக்கு ஒன்றாக நட்டால் அது 200 கிலோ ஆகிவிடும். கிடுகுக்குள்ளால் காற்று ஓரளவு ஊடுருவும், பலகை விடாது. பழைய வேலியின் கணக்கில் ஒன்றரை அடிக் குழி வெட்டினால் முதல் சோளகத்திலேயே (தென்மேற்குக் காற்றிலேயே) தெரிந்துவிடும். தென்மராட்சியின் மணற்பாங்கான வளவுகளிலும் வடமராட்சி கிழக்கிலும் குழி 3 அடி வேண்டும், குழியின் அடிப்பக்கம் வாயைவிட அகலமாக இருக்க வேண்டும். திருத்துவதற்கு, சாய்ந்த திசைக்கு எதிர்ப்பக்கம் அடிவரை தோண்டித் தூணை நிமிர்த்துங்கள். தூக்குக்குண்டால் இரண்டு முகத்திலும் பார்த்து, இரு திசையில் முண்டு கொடுங்கள். பிறகு பழைய கொங்கிறீற்றைச் சுற்றி 18 அங்குல விட்டம் வரும்படி புதிதாக ஊற்றுங்கள். பழைய கொங்கிறீற்றின் முகத்தை அலவாங்கால் கொத்திச் சொரசொரப்பாக்கி நனைத்தால்தான் புதியது பிடிக்கும். ஈரச்சாக்குப் போட்டு, 7 நாள் கழித்துப் பலகையைப் பூட்டலாம்.

கரையோரத்தில் உவர்க்கிணற்று நீரால் கொங்கிறீற் குழைக்க வேண்டாம். உள்ளே கம்பி இருந்தால் உப்பு அதைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துத் தூணை நெடுக்கே வெடிக்க வைக்கும். முட்கம்பிக்கு நடுகிற கொங்கிறீற் தூண்களில் நீளவாக்கில் வெடிப்பும் பழுப்புக் கறையும் தெரிவது இதனால்தான். அப்படி வெடித்த தூணில் பலகைச் சட்டத்தை ஏற்றாதீர்கள். நல்ல தூணென்றாலும் விளிம்பில் துளைத்தால் உடையும், பட்டை இரும்பை வளைத்துச் சுற்றிப் போல்ற் பூட்டுவதே பாதுகாப்பு.

கொங்கிறீற் அசையாமல் தூண் மட்டும் உள்ளே ஆடினால் ஈரத்தோடு நட்ட மரம் காய்ந்து சுருங்கியிருக்கும், அல்லது மண்மட்டத்தில் உக்கியிருக்கும். உக்கல் இல்லையென்றால் 2 அங்குலக் கோண இரும்பு இரண்டைத் தூணின் எதிரெதிர் முகங்களில் அடிவரை இறக்கி, மேலே போல்ற் பூட்டிச் சுற்றிலும் கொங்கிறீற் ஊற்றலாம். உக்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். உக்கலுக்குப் பெரும்பாலும் மூல காரணம் கொங்கிறீற்றின் மேல்முகம் மண்மட்டத்துக்குக் கீழே, கிண்ணம் போல இருப்பது. மண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே எழும்பி வெளியே சரிய வேண்டும்.

தூண் உறுதியாக நின்று சட்டம் மட்டும் ஆடினால் அதிர்ஷ்டம். ஆணியைப் பிடுங்கிவிட்டு 8 மி.மீ. போல்ற்றும் வொஷரும் போடுங்கள். பலகையைச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் பூட்டினால் வாடையும் சோளகமும் வெளியிலிருந்து பலகையைச் சட்டத்தோடு அழுத்தும். உட்பக்கத்தில் பூட்டினால் ஒவ்வொரு காற்றும் ஸ்குறூவை இழுத்துப் பார்க்கும்.

ஓர் அடியிலேயே பாறை வந்து, தூணை அறுத்துக் குட்டையாக்கி நட்ட வேலி

வலிகாமத்தில், குறிப்பாக வடக்கே தெல்லிப்பழை, காங்கேசன்துறைப் பக்கம், சுண்ணாம்புக்கல் மேலேயே கிடக்கும். ஓர் அடி ஆழத்தில் நட்ட 6 அடித் தூண் நிற்காது. பாறையை ஆழமாக உடைத்துக் குழியாக்கினால் நிற்கும். ஆனால் குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி மறுநாள் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் மரத்தூணை அங்கே வைக்கக்கூடாது, கொங்கிறீற் தூணோ 2 அங்குல ஜி.ஐ. (சிங்க் பூசிய இரும்பு) பைப்போ போடுங்கள். பைப்பின் தலைக்கு மூடி கட்டாயம், இல்லாவிட்டால் மழை உள்ளே இறங்கி அடியிலிருந்து துருப்பிடிக்கும்.

உடைக்க முடியாத கல்லென்றால் கல்லிலேயே பிடிக்க வேண்டும். மண்ணை நீக்கிப் பாறையைக் கழுவுங்கள். 16 மி.மீ. அலகால் நான்கு துளை, ஒவ்வொன்றும் 6 அங்குல ஆழம். துளைக்குள் இருக்கும் தூசை சைக்கிள் பம்பால் ஊதி எடுக்காவிட்டால் கம்பி கழன்று வரும், வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் தங்கியிருக்கிறது. துளையை நனைத்து, குழைத்த சீமெந்துக் கூழை நிரப்பி, 12 மி.மீ. கம்பியை 9 அங்குலம் வெளியே நிற்கும்படி இறக்குங்கள். இரண்டு நாளின் பின் கம்பிகளுக்கு நடுவே தூணை நிறுத்தி, 15 அங்குலச் சதுரத்துக்குக் கொங்கிறீற் கட்டுங்கள்.

வேலி அலையலையாகத் தெரிகிறது

சட்டத்தைப் பழைய கதிகாலில், அதாவது வேலியில் உயிரோடு நிற்கும் மரத்தில் அடித்திருப்பார்கள். பூவரசும் கிளுவையும் உயிரோடு நிற்கும் வரை பருத்துக்கொண்டே போகும், ஆணியை விழுங்கும், காற்றில் ஆடும். கிடுகுக்கு அது போதும், பலகைக்குக் கூடாது. கதிகாலை வைத்திருக்க விரும்பினால் வைத்திருங்கள். தூண் வேறாக நட்டு, பலகை அதிலிருந்து 6 அங்குலமாவது தள்ளி நிற்கட்டும். இலை ஒட்டிக் கிடக்கும் பலகையில் பாசி பிடிக்கும்.

மண் குழாய் ஏறுகிறது

பலகையில் சிங்க் போரேற் இருப்பதால் கறையான் அதை விரும்புவதில்லை. அது தேடிப் போவது சட்டத்தையும் மரத்தூணையும். மண் குழாயை 2 அங்குலத்துக்கு உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி மூடியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பழைய வேலியின் செத்த கதிகால் கட்டைகளும் உக்கிய ஓலையும் மண்ணுள் கிடந்தால் அதுதான் சாப்பாட்டுக் கடை. அலவாங்கு போட்டு எல்லாவற்றையும் கிளப்பி எடுங்கள். அரைவாசிப் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும்.

கறையான் மருந்தையோ கழிவு எண்ணெயையோ மண்ணில் ஊற்றச் சொல்பவர்கள் வருவார்கள். இங்கே நாம் குடிப்பது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் ஓடும் நிலத்தடி நீர். மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போகலாம். உங்கள் கிணறு தூரத்தில் இருந்தாலும் வேலிக்கு அப்பால் அயலவரின் கிணறு இருக்கும். கீழ்ப்பகுதி மட்டும் கொங்கிறீற்றாக இருக்கும் தூண் போடுவது கூடுதல் காலம் தாங்கும் வழி.

ஸ்குறூவின் கீழே பழுப்புக் கோடு

சாதாரண கறுப்பு ஸ்குறூ வீட்டுக்குள்ளே செய்யும் பலகை வேலைக்கானது. வெளியே போட்டால் கண்ணீர் வடிக்கும். நல்ல தடிப்பான நாகப்பூச்சுக் (சிங்க் பூச்சுக்) கொண்டதை, அதாவது உருக்கிய நாகத்தில் தோய்த்ததை (கல்வனைஸ்) வாங்குங்கள். பருத்தித்துறை, தீவகம் போன்ற கடற்காற்று படும் இடங்களில் 316 தர ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் தவிர மற்றதில் காசைப் போடாதீர்கள். ஒரே இணைப்பில் கலந்து போடுவதும் கூடாது: பிராக்கெற் கல்வனைஸ் என்றால் ஆணியும் கல்வனைஸ். கறை படிந்த பெயின்ற்றை லேசாகத் தேய்த்துப் பூசலாம், ஆனால் ஸ்குறூவை மாற்றிய பிறகு.

படலை நிலத்தில் இழுபடுகிறது

முதலில் படலையின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் படலையில் பிழையில்லை, தூண் உள்ளே சாய்ந்திருக்கிறது. அளவு வேறுபட்டால் சட்டகம் குலைந்திருக்கிறது. பெரும்பாலும் குறுக்குத்தாங்கி தலைகீழாக இருக்கும். மரத்தாங்கி பிணைச்சல் பக்கத்தின் கீழ் மூலையில் தொடங்கி, கொண்டிப் பக்கத்தின் மேல் மூலைக்கு ஏற வேண்டும். மறுபுறமாகப் போட்டால் அது பாரத்தைத் தாங்காது. கம்பியும் திருகுபூட்டும் போடுவதென்றால் திசை நேர்மாறு, பிணைச்சல் பக்கத்தின் மேல் மூலையிலிருந்து.

பிணைச்சலைப் பலகையில் மட்டும் பூட்டியிருந்தால் அதைக் கழற்றிச் சட்டகத்தோடு சேர்த்துப் போல்ற் போடுங்கள். அழுத்திய சீவல், பாரத்தைத் தொங்கவிடும் ஸ்குறூவைப் பிடித்து வைத்திருக்காது. 3½ அடி அகலப் படலைக்கு மூன்று பிணைச்சல், தூணுக்கு 3 அடிக் குழி.

பலகையில் வெள்ளைப் படிவு

கையில் மாவாக ஒட்டினால் பெயின்ற் வெயிலில் பொடியாகி உதிர்கிறது. கழுவிக் காயவைத்து அக்ரிலிக் இரண்டு பூச்சுப் பூச வேண்டிய காலம். தேய்த்தாலும் வராமல் துளித்துளியாக, தோட்டத்துக்கு நீர் அடிக்கும் உயரம் வரை மட்டும் இருந்தால் அது கிணற்று நீரின் சுண்ணாம்பு. ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு நீர் கலந்து துணியால் ஒற்றி, பத்து நிமிடத்தில் மழைநீரால் கழுவுங்கள். கழுவும்போது அழுத்த நீர்ப்பீச்சி வேண்டாம், அது வெட்டுவாயின் பூச்சைப் பெயர்த்துவிடும். அடர்ந்த நிறத்தில் இந்தப் படிவு முதல் கோடையிலேயே தெரியும். வாழைக்கோ மரக்கறிப் பாத்திக்கோ பக்கத்தில் நிற்கும் வேலிக்கு வெளிர் சாம்பலோ மணல் நிறமோ பூசுவது வசதி.